வடக்குத் தொட்டியில் ஒரு போன்

ஜூலை 15, செவ்வாய்

ஆபீஸ் ரிஜிஸ்டரில் இன்றைய வேலை இரண்டே வரி. லைப்ரரி சுவிட்சில் தூசி தட்டியது. பிரின்சிபாலுக்கு மறுபடியும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தது. அந்த மனிதருக்கு மாதம் நான்கு தடவை பாஸ்வேர்டு மறக்கும். ரிஜிஸ்டரில் எழுத முடியாததை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. கேபிள் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி, ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எபனேசர் எங்கள் கல்லூரியின் வடக்குத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்து இறந்துபோனான். என் கீழே ஆறு வருஷம் வேலை பார்த்தவன். கேபிள் இழுப்பது, பெட்டி மாட்டுவது, ஏணி ஏறுவது எல்லாம் அவன். திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது நான். அவனுக்கு முப்பத்தாறு வயது. மனைவி சுகந்தி. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் அபிஷா.

இன்று இன்ஸ்பெக்டர் வந்தார். எபனேசர் எதற்காக மேலே ஏறினான் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வெளியேறியதாக ரிஜிஸ்டர் சொல்கிறது. ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. இடுப்பில் பெல்ட் இல்லை. "மேல இருக்க வைஃபை பெட்டிய அவன் தொட்டிருந்தா கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கும். பாரும் வே தாணு" என்றார் மானேஜர் தங்கசாமி.

பார்த்தேன். வடக்குத் தொட்டிப் பெட்டி அன்று நான்கு மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட அணையவில்லை. யாரும் பிடுங்கவில்லை, திரும்பச் சொருகவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.

"அப்போ வேலைக்கு ஏறல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுல சண்டை கிண்டை உண்டுமா?"

அன்று காலை சுகந்தியோடு வாய்ச்சண்டை என்று எபனேசரே கேன்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறான். யாரோ அதை எடுத்துக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். கேட்காததற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதற்கு ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனியிலேயே பறக்கும். மைதானத்தில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன.

நேற்று அடக்கம். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். போய் வந்த தங்கசாமி சொன்னார்: அவர்கள் வேதக் கோயிலில் சாவுமணி அடிக்கவில்லையாம். குதித்துச் செத்தவனுக்கு மணி இல்லை என்று ஊர்க் கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக ஒரு மூலையைக் காட்டினார்களாம். சுகந்தி அழவில்லை, "அவிய குதிக்க மாட்டாவ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் வழியில் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலமே ஹாஸ்டலில் நெட் வந்துவிட்டது, தேங்க்ஸ் என்றார். தானாக வந்திருக்கும். சில நேரம் அப்படி வரும்.

ஜூலை 19, சனி

ஒரு வாரம். நான்கு மணிக்கு ஆபீஸில் இருக்க முடியவில்லை. கேன்டீனில் இரண்டு ரசவடை வாங்கி, தின்னாமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

இதை எழுதினால் பயம் போகுமா என்று பார்க்கிறேன்.

முதலில் இந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தொட்டிகளின் மேலும் ஒவ்வொரு வைஃபை பெட்டி. வடக்குத் தொட்டி லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில். தெற்குத் தொட்டி மைதானத்தைத் தாண்டி, மெயின் ரோட்டு மதிலை ஒட்டி. பெட்டி இங்கே இருந்தாலும் அதன் மூளை இங்கே இல்லை, கிளவுடில் இருக்கிறது. என் திரையில் பெயரைத் தொட்டு ரீஸ்டார்ட் என்று அமுக்கினால், கட்டளை எங்கேயோ போய்ச் சுற்றிவந்து நானூறு அடி தள்ளி இருக்கும் பெட்டியை அணைத்து ஏற்றும். எந்தப் பெட்டியில் எந்தப் போன் எத்தனை மணிக்கு ஒட்டியது என்பதும் தெரியும். முப்பது நாள் வரைக்கும் எல்லாம் பதிவில் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும்.

இன்று சாயங்காலம் 4:05. வடக்குத் தொட்டியின் பட்டியலில் புதிதாக ஒரு போன் ஏறியது. பெயர்: எபன் போன்.

அந்தப் பெயரை அவன்தான் வைத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தான். 4:14 வரை பட்டியலில் இருந்தது. பிறகு போய்விட்டது.

ஜூலை 23, புதன்

இன்றும். 4:06.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வடக்குத் தொட்டிக்கு ஓடினேன். கையில் இருந்த என் போனிலும் அதே திரை. சிக்னல் நான்கு கோடு. ஆள் பெட்டிக்கு அடியில் நின்றால்தான் அத்தனை கோடு வரும். தொட்டிக்கு அடியில் நான்தான் நின்றேன். சிமென்ட் தரையைக் கழுவி விட்டிருக்கிறார்கள். ஏணியின் முதல் ஐந்து படிக்கு முள்ளுக்கம்பி சுற்றியிருக்கிறது. ஹாஸ்டல் ஜன்னல்கள் எல்லாம் காற்றுக்குப் பயந்து சாத்தியிருந்தன. ஒரு குருவிகூட இல்லை. திரையில் எபன் போன் என்று பச்சையில் எரிந்துகொண்டே இருந்தது.

"எபா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கன்னியாகுமரிக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். கடல் கொந்தளித்துக் கிடந்தது. புரோகிதர் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "வேற யாராச்சும் உண்டா? சிநேகிதம், கூட இருந்தவா, யாரானாலும் சொல்லலாம்" என்றார்.

வாய் வரைக்கும் வந்தது. அவன் வேதக்காரன், எள்ளும் தண்ணீரும் அவனுக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையான காரணம் அது இல்லை. பெயரைச் சொன்னால், எப்படிச் செத்தான் என்று அடுத்த கேள்வி வருமோ என்ற பயம்.

ஜூலை 28, திங்கள்

தினமும் வருகிறது. 4:05, 4:03, 4:08. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. "என்ன, பேயறைஞ்சவரு மாதிரி இருக்கிய?" என்று என் மனைவி கோமு கேட்டாள். கருங்கல் ஊருக்கு அந்தப் பக்கம் யாரோ மந்திரிப்பவர் இருக்கிறாராம், கூட்டிப் போகிறேன் என்கிறாள். மந்திரித்துக் கட்டுகிற தாயத்துக்கு இது அடங்குமா?

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எபனேசரை மேலே ஏற்றியவன் நான்.

சனிக்கிழமை எல்லோரிடமும் ஒரு மணிக்கே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வேலை ஐந்து வரைக்கும் நடக்கும். ஓவர்டைம் எழுத வேண்டாம் என்று நிர்வாகம் கண்டுபிடித்த வழி. கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும், இன்ஸ்பெக்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்று மூன்றரைக்கு வார்டன் போன் மேல் போன். ஹாஸ்டலில் நெட் இல்லை, பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று. வடக்குப் பெட்டியைத் திரையில் பார்த்தேன், பச்சைதான். சில நேரம் பெட்டி உயிரோடு இருக்கும், ஆனால் வேலை செய்யாது. 3:40, 3:48, 3:55 என்று மூன்று தடவை ரீஸ்டார்ட் கொடுத்தேன். அணைந்து வந்தது, ஹாஸ்டலில் மட்டும் நெட் வரவில்லை. இனி கையால் பிடுங்கிப் போட்டால்தான் உண்டு. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் தொட்டிக்கு மேலேதான் இருக்கிறது.

வாக்கிடாக்கியில் எபனேசரைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் லேபில் கேபிள் அடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, காத்து பயங்கரமா அடிக்கு. திங்கக்கெழம காலத்த ஏறட்டா?"

"சவத்துக்கு நாள் பாக்கணுமோ? ரெண்டு நிமிச வேலை. ஏறுடே" என்றேன்.

பெல்ட் ஸ்டோரில் இருந்தது. சாவி தங்கசாமியிடம். அவர் நாகர்கோவிலில் கல்யாண வீட்டில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏறுடே என்றேன். வாக்கியில் பேசியதற்குப் பதிவு கிடையாது. இன்ஸ்பெக்டரிடம், "ஏன் ஏறினான்னு எனக்குத் தெரியாது சார்" என்றேன். என் வேலை போய்விடும், கேஸ் வரும் என்ற பயத்தில் சொன்னேன்.

ஆனால் பதிவு பொய் சொல்லாது அல்லவா? மேலே போனவன் பெட்டியைத் தொடவே இல்லை. அப்படியென்றால் ஏறிய பிறகு அவன் மனசு மாறியிருக்கலாம். காலையில் வீட்டில் சண்டை வேறு. தினமும் இதைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறேன், சாப்பிடுகிறேன், பஸ் ஏறுகிறேன்.

ஜூலை 30, புதன்

4:04க்கு வந்தது. இனி தாங்காது. பெயரைத் தொட்டு, பிளாக் என்று அமுக்கினேன். இனி அந்தப் போன் எங்கள் வைஃபையில் ஒட்டாது. திரையில் சிவப்புக் கோடு விழுந்து அணைந்தது.

செத்தவனைக் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டது மாதிரி இருந்தது. ஆனாலும் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு நாளாக ஒன்றும் இல்லை. இன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

மூன்று மணி வாக்கில் வார்டன் கூப்பிட்டார். மறுபடியும் ஹாஸ்டலில் நெட் இல்லை. திரையில் வடக்குப் பெட்டி பச்சை. இரண்டு தடவை ரீஸ்டார்ட் கொடுத்தேன். அணைந்து வந்தது, நெட் வரவில்லை. அச்சுப் பிசகாமல் அன்றைக்கு நடந்தது மாதிரியே. இந்தத் தடவை யாரையும் ஏற்ற மாட்டேன் என்று பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசியது.

"சார், நீங்க ரீஸ்டார்ட் பண்றது அந்தப் பெட்டியைத்தானா?"

"பின்ன எதைம்மா? பேரு வடக்குன்னு போட்டிருக்கே!"

"கோவிச்சுக்காதீங்க சார். விளக்கை மினுக்குறதுக்கு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிட்டு நேர்ல போய்ப் பாருங்க. மினுக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

பதினெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. நேற்றுப் பிறந்தது வந்து பாடம் எடுக்கிறது என்று எரிச்சலோடு பட்டனை அமுக்கிவிட்டு வடக்குத் தொட்டிக்குப் போனேன். மேகமூட்டமாக இருந்ததால் பெட்டியின் விளக்கு கீழிருந்தே நன்றாகத் தெரிந்தது. பச்சையாக, அசையாமல் எரிந்தது. ஐந்து நிமிஷம் நின்றேன். மினுக்கவில்லை. பெட்டியே பழுது என்று முடிவு கட்டி, கேன்டீனுக்குப் போகலாம் என்று மைதானத்துப் பக்கம் திரும்பினேன்.

தூரத்தில் தெற்குத் தொட்டியின் உச்சியில் ஒரு நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. தெற்குத் தொட்டிக்கு அடியில் போய் நின்று, என் போனில் பட்டனை அணைத்தேன். மேலே நின்றது. அமுக்கினேன். மினுக்கியது. திரையில் வடக்கு என்று பெயர் போட்டிருப்பது தெற்கில் இருக்கும் பெட்டி. தெற்கு என்று போட்டிருப்பது வடக்கில்.

போன வருஷம் பெட்டிகள் வந்தபோது, மாட்டிய இடத்தில் நின்றுதான் ஒவ்வொன்றின் பார்கோடையும் ஸ்கேன் பண்ணிப் பெயர் வைக்க வேண்டும் என்பது முறை. காற்றில் யார் போய் நிற்பது என்று, இரண்டையும் என் மேஜையிலேயே பிரித்து வைத்து, டீ குடித்துக்கொண்டே ஸ்கேன் பண்ணிப் பெயர் வைத்தேன். அட்டைப்பெட்டி மேல் வடக்கு, தெற்கு என்று மார்க்கரில் எழுதி, உள்ளே திரும்ப வைக்கும்போது ஒன்றை மற்றதில் வைத்திருக்கிறேன். எபனேசர் அட்டையில் எழுதியிருந்தபடியே சரியாகக் கொண்டுபோய் மாட்டினான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. மதில் அங்கே இடுப்பளவுதான். எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் எபனேசரின் போன். அதைக் குலுக்கிக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "அண்ணே!" என்றாள். அந்த முகத்தில் என் மேல் ஒரு சந்தேகம்கூட இல்லை.

"இங்க என்ன செய்யுக சுகந்தி?"

"தோவாளையில பூக்கட்டப் போறேன் அண்ணே. இங்க எறங்கித்தான் அடுத்த வண்டி மாறணும். அவிய விழுந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்னு வாச்மேன்ட்ட தெனமும் கேப்பேன். உள்ள விடமாட்டேங்காரு. சரி, வண்டி வரது வரைக்கும் இங்க நிப்பேன்." போனைக் காட்டினாள். "போலீஸ்ல திருப்பித் தந்தாவ. இதத் தொறக்க எனக்குத் தெரியாது. ஒருக்கா அணைஞ்சு போனா பெறவு உயிரு வராதோன்னு பயந்து சார்ஜ் போட்டுட்டே இருக்கேன். ரீசார்ஜ் முடிஞ்சு இது வீட்டுல ஊமையா கெடக்கும் அண்ணே. இந்த எடத்துக்கு வந்தா மட்டும் டிங் டிங்குன்னு சத்தம் போடும். அவிய இங்கதான் நிக்காவ, என்னைய விளிக்காவன்னு தோணும். அந்தச் சத்தத்தக் கேக்கத்தான் வாரேன்."

அவள் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதன்கெழம பாதியில நின்னு போச்சு அண்ணே. அன்னையிலேருந்து சத்தமே இல்ல. என் மேல கோவமா இருக்குமோ? அன்னைக்குக் காலத்த அவியள ரொம்பப் பேசிட்டேன்."

என் போனை எடுத்தேன். பட்டியலில் எபன் போன் சிவப்பில் கிடந்தது. பிளாக்கை எடுத்துவிட்டேன். ஒரு நிமிஷம் ஆனது. அவள் கையில் இருந்தது வரிசையாகச் சத்தம் போட ஆரம்பித்தது. ஐந்து நாள் செய்தி மொத்தமாக வந்து விழுந்தது. அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மதிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நான் என்ன மனுஷன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திரையில் தெற்கு என்று பெயருள்ள பெட்டியின், அதாவது உண்மையில் வடக்குத் தொட்டிப் பெட்டியின், ஜூலை 12 பதிவைத் திறந்தேன்.

4:14 அணைந்தது. 4:17 வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அவன் பிடுங்கினான். மூன்று நிமிஷம் காத்திருந்து போட்டான். பச்சை வருவதைப் பார்த்தான். சொன்ன வேலையைச் செய்தான். முதல் மூன்று தடவையும் நான் ரீஸ்டார்ட் கொடுத்தது தெற்கில் சும்மா கிடந்த பெட்டிக்கு. சரியான பெட்டிக்குக் கொடுத்திருந்தால் அவன் ஏறியே இருக்க வேண்டாம். என் மேஜையிலிருந்தே முடிந்திருக்கும்.

இதுவரை இந்த டைரிக்குக்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

நான்கு பதினெட்டுக்கு வாக்கியில் கூப்பிட்டான். "பிடுங்கிப் போட்டாச்சு அண்ணே. பச்சை எரியுகு. எறங்கிட்டிருக்கேன்." குரலில் காற்று இரைந்தது. பாதி ஏணியில் நின்று பேசியிருக்க வேண்டும். நான் என் திரையைப் பார்த்தேன். வடக்கு என்ற வரியில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்னத்தப் பிடுங்குன? இங்க ஒண்ணும் மாறல்ல."

"இல்ல அண்ணே, நான் கண்ணால பாத்தேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடே? திருப்பி ஏறு. ஒழுங்காப் பிடுங்கிப் போடு."

"சரி அண்ணே" என்றான். ஒரு நிமிஷத்தில் ஹாஸ்டல் பக்கம் பிள்ளைகள் அலறுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது தடவை ஏணியில் கையும் காலும் தளர்ந்திருக்கும். அந்தக் காற்றில். முடிந்துபோன வேலைக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

தங்கசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பதிவு எத்தன நாள் இருக்கும்னு சொன்னீரு?"

"முப்பது நாள். பதினொண்ணாந்தேதி போயிடும்."

"இன்னைக்கு ஏழு. நாலு நாள் வாயப் பொத்திட்டு இரும் வே. தானா போகக்கூடியது. போனவன் போயாச்சு. நீரு உள்ள போயி இருந்தா அவன் எந்திரிச்சு வருவானா? உமக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அவன் பிள்ளைய ஸ்கூல்ல குதிச்சவன் மகள்ங்காங்களாம் சார்."

"பிள்ளைங்க நாளானா மறந்துரும்" என்றார்.

வெளியே வந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று நாள்.

ஆகஸ்ட் 9, சனி

4:05க்கு எபன் போன் வந்தது. பட்டியலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு அவன் வருகிறான் என்று பயந்தேன். இன்று அவள் வந்து நிற்கிறாள் என்று தெரிந்து அதைவிடப் பயமாக இருந்தது. நாளை மறுநாளும் வருவாள். பதிவு அழிந்த பிறகும், தன் மேல் கோபமா என்று அந்தப் போனைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளின் பதிவையும் முழுவதுமாக இறக்கினேன். மூன்று பிரதி அச்செடுத்தேன். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் எதிரில் தாணுலிங்கம் என்று என் பெயர் இருக்கிறது. பெயர் மாறிக் கிடப்பதை ஒரு தாளில் விளக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாக்கியில் பேசியதையும் எழுதினேன். இரண்டு தடவை பேசியதையும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் கோமுவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "முதல்ல அந்தப் பிள்ளைட்டப் போய்ச் சொல்லுங்க. ஸ்டேஷனுக்குப் பெறவு போலாம்" என்று வேஷ்டி எடுத்துத் தந்தாள்.

சுகந்தி வீடு அவர்கள் ஊர்க் கோயிலுக்கு நேர் எதிர்ச் சந்து. ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் போகவில்லை. அடக்கத்துக்குப் பிறகு போவதில்லையாம். அபிஷா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வெளியே அனுப்பட்டுமா என்று சுகந்தி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சொன்னேன். டீயோடு மேஜையில் பெயர் வைத்ததிலிருந்து, போனை நான்தான் பிளாக் பண்ணினேன் என்பதுவரை. "எறங்கிட்டிருக்கேன்னு சொன்னான், நான்தான் திருப்பி ஏறச் சொன்னேன்" என்றபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். காகிதங்களை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை.

"அவிய குதிக்க மாட்டாவன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்கு இந்தப் பேப்பர் வேண்டாம். பன்னிரண்டு வருசம் கூட இருந்தவ நான்." வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "என்ட்ட எதுக்கு வந்து சொல்லுகிய? தெரியாதவங்க வெளிய இருக்காவ. அவங்கள்ட்டச் சொல்லுங்க."

"நாளைக்குக் காலத்த ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கேன் சுகந்தி."

"அது நாளைக்கு. இப்போ கோயில் விடும்."

விட்டது. சந்து நிறைய ஆட்கள். வெள்ளைச் சேலை, வெள்ளை வேஷ்டி, கையில் வேதப்புத்தகம். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். "எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. காற்று அப்படி அடித்தது. அடுத்த தடவை கத்தினேன். நின்றார்கள்.

"நான் தாணுலிங்கம். எபனேசரு எனக்குக் கீழதான் வேலை பாத்தான். அவன் குதிக்கல்ல. நான்தான் அவன ஏறச் சொன்னேன். பெல்ட் இல்லாம ஏத்துனேன். வேலைய முடிச்சிட்டு எறங்குனவன, என் தப்பு தெரியாம, அவன் மேல சந்தேகப்பட்டுத் திருப்பியும் ஏத்துனேன்."

பின்னால் நின்ற ஒரு வயசாளி, காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொல்லுகாரு? காத்துல ஒண்ணும் கேக்கல்லியே" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அபிஷா வந்து படியில் நின்றாள். கையில் பென்சில் இருந்தது. பள்ளியில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னாள்.

"எங்க அப்பா குதிக்கல்ல. இவங்க ஏறச் சொன்னாங்க. அப்பா ஏறி சரியா செஞ்சாங்க. இவங்க நம்பல்ல. திருப்பி ஏறச் சொன்னாங்க. அப்பா திருப்பியும் ஏறினாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "சரியா சொன்னேனா மாமா?" என்று கேட்டாள்.

சரி என்றேன்.